க்ரோன்ஸ் 12 வருஷம்: அடுத்த கொலோனோஸ்கோப்பி 5 வருஷம் கழித்தா, அடுத்த வருஷமேவா?

வரப்புக்காரன் (கேள்வி)

க்ரோன்ஸ் (குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் வரும் நோய்) உள்ளவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க் கண்காணிப்பு, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி, ஏன் சரி என்று புரிய வேண்டும்.

என் நிலவரம் இது. வயது 36. வயிற்றுவலியும் பேதியும் தொடங்கி 12 வருஷம். க்ரோன்ஸ் என்று உறுதியானது 9 வருஷத்துக்கு முன்பு. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும், பெருங்குடலில் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் பாதிவரையிலும் புண் இருந்தது. அடலிமுமாப் ஊசிக்குப் பிறகு அடங்கியிருக்கிறது. குடல் அழற்சியைக் காட்டும் மலச் சோதனையான கால்ப்ரொடெக்டின் 90. அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கிறது.

அண்மையில் எடுத்த கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் இருப்பது:

“சீகம் வரை ஸ்கோப் சென்றது. குடல் சுத்தம் சுமார். இடப்பக்கப் பெருங்குடலில் ஒரு சுருக்கம். ஸ்கோப் சிரமத்துடன் கடந்தது. பல சூடோபாலிப்கள். ரேண்டம் பயாப்ஸி எடுக்கப்பட்டது.” (சீகம்: பெருங்குடலின் தொடக்கம். சுருக்கம்: குடல் குறுகிய இடம். சூடோபாலிப்: புண் ஆறிய இடத்தில் எழும் மேடு. ரேண்டம் பயாப்ஸி: குறி பார்க்காமல் ஆங்காங்கே எடுக்கும் திசுத் துண்டு.)

பயாப்ஸி ரிப்போர்ட்: “லேசான நாள்பட்ட அழற்சி. டிஸ்ப்ளேசியா இல்லை.” (டிஸ்ப்ளேசியா: புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்.)

கடைசி வரி: “5 ஆண்டு கழித்து மீண்டும் பார்க்கவும்.” இன்னொரு டாக்டர் வருஷம் ஒருமுறை என்கிறார்.

என் கேள்விகள்:

1. க்ரோன்ஸ் என்றாலே பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து கூடுதலா? சிறுகுடல் நோய் என்றுதானே சொல்கிறார்கள்?
2. 5 வருஷமா, 1 வருஷமா?
3. மலத்தில் ரத்தம் பார்க்கும் ‘ஃபிட்’ சோதனை வருஷா வருஷம் செய்தால் ஸ்கோப்பைத் தவிர்க்கலாமா?
4. “டிஸ்ப்ளேசியா இல்லை” என்ற வரியை எந்த அளவுக்கு நம்பலாம்?

அகநோக்கி

முதல் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. ஆபத்து க்ரோன்ஸ் என்ற பெயரில் இல்லை. பெருங்குடல் எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை வருஷம், எவ்வளவு கடுமையாகப் புண்ணாகிக் கிடந்தது என்பதில்தான் இருக்கிறது. பெருங்குடல் தொடப்படாமல் சிறுகுடலில் மட்டும் நோய் உள்ளவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வந்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது: க்ரோன்ஸ் மொத்தத்துக்கும் 2.5 மடங்கு, பெருங்குடலில் நோய் உள்ளவர்களுக்கு 4.5 மடங்கு, சிறுகுடல் கடைசிப் பகுதியில் மட்டும் உள்ளவர்களுக்கு 1.1 மடங்கு, அதாவது கூடுதல் என்று சொல்ல முடியாத அளவு.

அந்த 4.5 ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அதில் சேர்ந்தவை பெரும்பாலும் பழைய ஆய்வுகள். பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்த கடுமையான நோயாளிகள் அவற்றில் அதிகம். 2020 இல் ஸ்வீடனும் டென்மார்க்கும் தங்கள் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 47,035 க்ரோன்ஸ் நோயாளிகளைப் பார்த்தன. ஆயிரம் பேரை ஒரு வருஷம் தொடர்ந்தால் 0.82 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய்; க்ரோன்ஸ் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் 0.64. வயது முதலியவற்றைச் சரிக்கட்டினால் 1.4 மடங்கு. ஆனால் அதே ஆய்வில் அந்தப் புற்றுநோயால் இறப்பது 1.74 மடங்கு. நோய் வருவதைவிட இறப்பு அதிகமாக ஏறியிருப்பதைக் கவனியுங்கள். கண்காணிப்பின் தரம் பற்றி இங்கே எல்லாரும் கவலைப்படுவது இதனால்தான்.

இனி உங்கள் ரிப்போர்ட். கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன்.

எப்போது தொடங்குவது: பெருங்குடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோய் இருந்தால், அறிகுறி தொடங்கியதிலிருந்து 8 வருஷத்தில் முதல் கண்காணிப்பு ஸ்கோப். பெயர் வைத்த நாளிலிருந்து அல்ல. பலர் இங்கேதான் மூன்று நான்கு வருஷத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் கணக்கில் 12 வருஷம், 9 அல்ல. எவ்வளவு தூரம் நோய் என்பதையும் இன்றைய ஸ்கோப்பை வைத்துச் சொல்லக் கூடாது. மருந்துக்குப் பிறகு குடல் அழகாகத் தெரியும். எந்தக் காலத்திலாவது அதிகபட்சம் எதுவரை பரவியிருந்தது, நுண்ணோக்கியில் எதுவரை தெரிந்தது என்பதே அளவு.

அடுத்தது இடைவெளி. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி மூன்று அடுக்கு.

வருஷம் ஒருமுறை: பித்தநாள நோயான பி.எஸ்.சி., கடந்த 5 வருஷத்தில் பெருங்குடலில் சுருக்கம், கடந்த 5 வருஷத்தில் டிஸ்ப்ளேசியா, பரவலான கடும் அழற்சி, பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு 50 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

2–3 வருஷம்: பரவலான, ஆனால் லேசான அல்லது நடுத்தர அழற்சி, சூடோபாலிப்கள், நெருங்கிய உறவில் 50 வயதிலோ அதற்குப் பிறகோ புற்றுநோய்.

5 வருஷம்: மேலே சொன்ன எதுவும் இல்லாதவர்கள்.

அப்பாவின் 58 வயது உங்களை நடு அடுக்கில் வைக்கிறது. சூடோபாலிப்பும் நடு அடுக்கு. சுருக்கம் மேல் அடுக்கு. மேல் அடுக்கில் ஒன்று இருந்தால் மற்றவற்றைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆக 1 வருஷம் என்றவர் சொன்னதே சரி. 5 வருஷம் என்று எழுதியவர் ‘டிஸ்ப்ளேசியா இல்லை’ என்பதை மட்டும் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தொடர்ந்து உயர்ந்திருந்தால் பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பி.எஸ்.சி. இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பி.எஸ்.சி. இருந்தால் 8 வருஷக் கணக்கே கிடையாது. அது கண்டுபிடித்த நாளிலிருந்து வருஷா வருஷம் ஸ்கோப். பி.எஸ்.சி. காரர்களுக்குக் குடல் அழற்சி பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும், பேதியே இருக்காது, கட்டி வருவது வலப்பக்கத்தில். அறிகுறியை நம்பினால் ஏமாந்துவிடுவார்கள்.

ஸ்கோப்ரூம் அக்கா

அகநோக்கி சொன்ன கணக்கு சரி. ஆனா அந்த ரிப்போர்ட்ல எனக்கு முதல்ல உறுத்துறது “குடல் சுத்தம் சுமார்”. சுமார்னா அந்த ஸ்கோப் கண்காணிப்புக் கணக்குலயே வராது. 1 வருஷமா 5 வருஷமான்னு பேசறதுக்கு முன்னாடி, நல்லா சுத்தம் பண்ணி இன்னொரு தடவை பார்க்கணும்.

சுத்தத்துக்கு மார்க் உண்டு, பாஸ்டன் ஸ்கோர்னு பேர். வலது, நடு, இடது மூணு பாகத்துக்கும் 0 லேர்ந்து 3 வரைக்கும், மொத்தம் 9. ஒவ்வொண்ணுலயும் 2 வாவது வரணும். மொத்தம் 6 வந்தாலும் வலது 1, இடது 3 ன்னு இருந்தா பத்தாது. ரிப்போர்ட்ல ‘சுமார்’, ‘பரவாயில்லை’ன்னு வார்த்தை மட்டும் இருந்தா நம்பரைக் கேளுங்க.

பேதி மருந்து குடிக்கிற முறையிலதான் பாதி ஸ்கோப் கெடுது. க்ரோன்ஸ்காரங்களுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைதான் பாதுகாப்பு. சோடியம் பாஸ்பேட் கலவை வேண்டாம்: அது குடல்ல பொட்டுப் பொட்டா சின்னப் புண்ணை உண்டாக்கும், பார்க்கிறவர் க்ரோன்ஸ் திரும்பிடுச்சுன்னு எழுதிடுவாரு. வலி மாத்திரையில இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையும் அதே மாதிரி புண்ணு போடும்.

4 லிட்டர் கலவைன்னா முந்தின நாள் சாயங்காலம் 2 லிட்டர். மீதி 2 லிட்டரை ஸ்கோப்புக்கு 4–6 மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு, 2 மணி நேரம் முன்னாடி முடிச்சிடணும். 10–15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 250 மி.லி. காலைல எழுந்துக்கச் சோம்பல்பட்டு முழுசையும் ராத்திரியே குடிச்சு முடிக்கிறவங்க நிறையப் பேர். ராத்திரி முழுக்கச் சிறுகுடல்லேர்ந்து பித்தமும் சளியும் வடிஞ்சு வலப்பக்கத்துல பிசின் மாதிரி ஒட்டிக்கும். தட்டையான டிஸ்ப்ளேசியா அந்தப் படலத்துக்கு அடியில ஒளிஞ்சுக்கும். கடைசியா போறது மூத்திரம் மாதிரி மஞ்சளாத் தெளிஞ்சு இருக்கணும். பழுப்பா கலங்கியிருந்தா படுக்கையில படுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, இன்னும் குடுத்துப் பார்க்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், குடல் சுவரெல்லாம் கறுப்பா ஒட்டிக்கும். விதை, தோல், நார் இருக்கிற சாப்பாடு மூணு நாள் முன்னாடியே வேண்டாம். அடலிமுமாப் ஊசியை ஸ்கோப்புக்காகத் தள்ளிப் போடாதீங்க, அப்படி ஒரு அவசியமும் இல்லை. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு.

உங்க விஷயத்துல சுருக்கம் இருக்கு. அதனால வேகமாக் குடிக்காதீங்க. வயிறு உப்பி, வாந்தி வந்து, கீழ காத்துகூடப் போகலைன்னா அங்கேயே நிறுத்திட்டு உடனே கூப்பிடணும். “ஊத்தினா திறந்துக்கும்”னு மேல மேலக் குடிக்கக் கூடாது.

அடுத்து சாயம். ரிப்போர்ட்ல சாயம் தெளிச்சதாவே இல்லை. மெத்திலீன் நீலம் இல்லைன்னா இண்டிகோ கார்மின், ரெண்டுல ஒண்ணு. 1 சதவீத மெத்திலீன் நீலம் 10 மி.லி., தண்ணி 240 மி.லி., கலந்தா 0.04 சதவீதம். 0.8 சதவீத இண்டிகோ கார்மின் 10 மி.லி. ஐ 250 ஆக்கினா 0.03 சதவீதம். சீகம் வரைக்கும் போயி, நல்லாக் கழுவி உறிஞ்சிட்டு, வெளிய இழுத்துக்கிட்டே 20–30 செ.மீ. 20–30 செ.மீ. ஆத் தெளிக்கணும். ஒரு நிமிஷம் விட்டு, தேங்கின சாயத்தை உறிஞ்சிட்டுப் பார்க்கணும். சாயம் குழியில நிக்கும், மேட்டுல நிக்காது. சாதாரண வெளிச்சத்துல லேசான சிவப்பாத் தெரிஞ்ச இடம், சாயம் பட்டதும் ஓரம் வெட்டின மாதிரி எடுப்பாத் தெரியும். அவ்வளவுதான் அதோட சூட்சுமம்.

சாயம் இல்லைன்னா நல்ல ஹெச்.டி. ஸ்கோப்ல பட்டனை அமுக்கி ஒளியை மாத்திப் பார்க்கிற முறையும் ஏத்துக்கப்பட்டதுதான். பழைய மங்கலான ஸ்கோப்ல சாயமும் இல்லாம பார்க்கிறதுதான் பிரயோஜனமில்லை.

மெத்திலீன் நீலம் போட்டா ரெண்டு நாள் மூத்திரம் பச்சை நீலமா இருக்கும், பயப்பட வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவுல ஒரு நொதி குறையறது) இருந்தா, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டா, முன்னாடியே சொல்லிடுங்க.

வரப்புக்காரன்

அக்காவுக்கு நன்றி. ‘சுமார்’ என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. ரேண்டம் பயாப்ஸி எத்தனை எடுத்தார்கள் என்றும் ரிப்போர்ட்டில் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் “ஒரு பாட்டில், 6 துண்டு” என்று இருக்கிறது. இது போதுமா?

பாரஃபின் கட்டை

6 துண்டு, ஒரே பாட்டில். போதாது.

சாயம் இல்லாமல் ரேண்டமாக மட்டும் எடுப்பதென்றால் 10 செ.மீ.க்கு நான்கு பக்கமும் ஒவ்வொன்று, குறைந்தது 32 துண்டு. ஒரு துண்டு சில மி.மீ. அளவுதான். 32 எடுத்தாலும் குடலின் உட்பரப்பில் ஒரு சதவீதம்கூட வராது. 6 என்பது ஊர்க் கிணற்றில் ஒரு டம்ளர் மொண்டு பார்ப்பது. இதனால்தான் இப்போது எண்ணிக்கையைவிடக் குறி பார்த்து எடுப்பதை வலியுறுத்துகிறார்கள்: சாயத்தில் சந்தேகமாகத் தெரிந்த இடத்தில் பயாப்ஸி, கூடவே ஒவ்வொரு பாகத்திலிருந்தும் அழற்சி அளவு பார்க்க இரண்டு. பி.எஸ்.சி., முன்பு டிஸ்ப்ளேசியா, குழாய்போல் மழுங்கிச் சுருங்கிய குடல் இவை உள்ளவர்களுக்கு மட்டும் சாயத்தோடு ரேண்டமும் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய குறை அந்த ஒரே பாட்டில். ஆறில் ஒன்றில் டிஸ்ப்ளேசியா இருந்திருந்தால் அது எந்த இடத்துத் துண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி முழுக் குடலையும் தேட வேண்டும். பாகத்துக்கு ஒரு பாட்டில், மேலே இடத்தின் பெயர், சந்தேகமான புள்ளிக்குத் தனி பாட்டில். சுருக்கத்திலிருந்து எடுத்தது கட்டாயம் தனி. அந்த இடத்தில் பயாப்ஸி எடுத்தார்களா என்றே உங்கள் ரிப்போர்ட்டில் தெரியவில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் நான்காவது கேள்விக்குப் பதில்: அந்த வரி, பார்த்த ஆறு துண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

சாதாரணப் பாலிப்பிலிருந்து வரும் புற்றுநோய்க்கும் அழற்சியிலிருந்து வருவதற்கும் பாதையே வேறு. சாதாரணப் பாலிப்பில் முதலில் கெடுவது ஏ.பி.சி. மரபணு, ஒரு குமிழ் முளைத்து, வளர்ந்து, வருஷக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்து நிற்கும். அழற்சியில் பி53 மரபணு ஆரம்பத்திலேயே கெடுகிறது, ஏ.பி.சி. கடைசியில்தான். திசு புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, ஒவ்வொரு முறை ஆறும்போதும் கெட்ட செல் பக்கவாட்டில் பரவுகிறது. அதனால்தான் தட்டையாக, எல்லை தெரியாமல், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் வரும். ‘பாலிப் எதுவும் இல்லை’ என்ற வரி மற்றவர்களுக்கு நிம்மதி. க்ரோன்ஸ் பெருங்குடலுக்கு அது பாதி நிம்மதிதான்.

லேப் ரிப்போர்ட்டில் நான்கு சொல் வரும். 1983 இல் ரிடெல் குழு வகுத்த அடுக்கு இன்னும் அதேதான்.

இல்லை: இல்லை.

முடிவு சொல்ல இயலாது: இதில்தான் நிறையக் குழப்பம். அழற்சி கடுமையாக இருக்கும்போது ஆறிக்கொண்டிருக்கும் செல்லும் டிஸ்ப்ளேசியா போலவே கருத்துப் பெருத்துத் தெரியும். எங்களால் பிரிக்க முடியாதபோது எழுதும் சொல் இது. இதைப் ‘புற்றுநோய் ஆரம்பம்’ என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. அழற்சியை மருந்தால் அடக்கி, 3–6 மாதத்தில் சாயத்தோடு மறுபடி பார்க்க வேண்டும். கண்காணிப்பு ஸ்கோப்பை நோய் அடங்கியிருக்கும் காலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். அதற்காக ‘முழுக்க அடங்கட்டும்’ என்று வருஷக்கணக்கில் தள்ளுவதும் தவறு. அடங்காத குடல்தான் அதிக ஆபத்தான குடல்.

குறைந்த நிலை டிஸ்ப்ளேசியா, உயர்ந்த நிலை டிஸ்ப்ளேசியா: இரண்டுக்கும் முதல் வேலை, குடல் திசுவில் அனுபவமுள்ள இன்னொரு பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர்) அதே ஸ்லைடைப் பார்ப்பது. ஸ்லைடையும் கட்டையையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்தது) கேட்டு வாங்கி அனுப்பலாம். அது உங்கள் உரிமை. குறைந்த நிலையில் இரண்டு பேத்தாலஜிஸ்ட்டுகள் ஒத்துப்போகாதது சகஜம்.

அதன் பிறகு கேள்வி, கண்ணுக்குத் தெரிந்ததா, தெரியாததா. எல்லை தெளிவாகத் தெரியும் மேடு என்றால் ஸ்கோப் வழியாகவே முழுதாக அறுத்தெடுத்து, 3–6 மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்த்து, நெருங்கிய கண்காணிப்பில் வைக்கலாம். குடலையே எடுக்க வேண்டும் என்று உடனே சொன்னால் இன்னொரு கருத்துக் கேளுங்கள். கண்ணுக்கே தெரியாமல் ரேண்டம் துண்டில் வந்தால், சாயத் தெளிப்பில் கைதேர்ந்தவரிடம் அனுப்பி மறுபடி தேட வேண்டும். அங்கேயும் உயர்ந்த நிலை உறுதியானால், அல்லது பல இடத்தில் இருந்தால், அறுவை சிகிச்சைதான் பேச வேண்டியது.

ஒரு வேண்டுகோள், ஸ்கோப் செய்பவர்களுக்கு. விண்ணப்பத் தாளில் “க்ரோன்ஸ், பயாப்ஸி” என்று இரண்டு சொல் எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை வருஷ நோய், என்ன மருந்து, எந்த இடம், கண்ணுக்கு எப்படித் தெரிந்தது, டிஸ்ப்ளேசியா தேடுகிறீர்களா அழற்சி அளவு பார்க்கிறீர்களா, இவ்வளவும் வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்க்கிறோம்.

மறுபரிசீலனை

அகநோக்கியின் அடுக்கில் ஒரு இடத்தில் உடன்படவில்லை. சூடோபாலிப்பை நடு அடுக்கில் வைத்திருப்பது பழைய பழக்கம். 2019 இல் 1,500 க்கும் மேற்பட்ட குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில், அழற்சியின் கடுமை, பரவல், பி.எஸ்.சி. இவற்றைச் சரிக்கட்டியபோது சூடோபாலிப் தனியாக ஆபத்தைக் கூட்டவில்லை. அது ஒரு காலத்தில் குடல் மோசமாகப் புண்ணானதற்கான தழும்பு. அது புற்றுநோயாக மாறுவதில்லை. அதைப் பார்த்து மட்டும் இடைவெளியைச் சுருக்குவது தேவையில்லாத ஸ்கோப்.

அகநோக்கி

ஆய்வு தெரியும், தனியான காரணி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பல சூடோபாலிப்கள்’ என்பதில் ‘பல’ எத்தனை? பத்துப் பதினைந்து சிதறிக் கிடந்தால் நீங்கள் சொல்வது சரி. புல் முளைத்த மாதிரி அடர்ந்து கிடந்தால், நடுவில் உள்ள பரப்பைப் பார்க்கவே முடியாது, சாயமும் உதவாது. அங்கே ஆபத்து பாலிப்பில் இல்லை. அது மறைக்கும் இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட குடலுக்கு இடைவெளியைக் குறைப்பதில் எனக்கு மனவருத்தம் இல்லை. இந்த நோயாளிக்குச் சுருக்கமே மேல் அடுக்கில் கொண்டுபோய்விட்டதால் இங்கே இந்த வாதத்தால் முடிவு மாறப்போவதில்லை.

சுருக்கம் பற்றிச் சேர்க்க மறந்தது. க்ரோன்ஸ் பெருங்குடல் சுருக்கங்களில் பெரும்பாலானவை தழும்பாலும் வீக்கத்தாலும் வருபவை, புற்றுநோய் அல்ல. ஆனால் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. பெரியவர்களுக்கான ஸ்கோப் சிரமத்தோடுதான் போனது என்றால் அடுத்த முறை குழந்தைகளுக்கான மெல்லிய ஸ்கோப்போ, வயிறு பார்க்கும் கேஸ்ட்ரோஸ்கோப்போ தயாராக வைக்கச் சொல்லுங்கள். சுருக்கத்தின் இரு ஓரத்திலும் உள்ளேயும் பயாப்ஸி. பலூன் வைத்து விரிப்பது நல்ல வழிதான், 4–5 செ.மீ.க்குள் நேராக இருக்கும் சுருக்கத்துக்கு; ஆனால் பயாப்ஸி முடிவு வந்த பிறகு. எந்த ஸ்கோப்பும் போகவில்லை, அப்பால் உள்ள குடலைப் பார்க்கவே முடியவில்லை என்றால் ஸ்கேனில் பெருங்குடலைப் பார்க்கும் சி.டி. கொலோனோகிராஃபி எடுத்துவிட்டு அறுவை மருத்துவரோடு உட்கார வேண்டும். பார்க்க முடியாத குடலைக் கண்காணிக்க முடியாது.

மூன்றாம் கேள்வி விட்டுப்போனது. ஃபிட் வேண்டாம். அது மலத்தில் உள்ள ரத்தத்தைப் பார்க்கிறது. அழற்சியிலும் ரத்தம் வரும், தட்டையான டிஸ்ப்ளேசியாவில் வராமலும் போகும். இரண்டு பக்கமும் ஏமாற்றும். கால்ப்ரொடெக்டின் 90 என்பது அழற்சி நன்றாக அடங்கியிருக்கிறது என்கிறது, அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. புற்றுநோய்க் குறியைப் பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் ஆரம்ப நிலையைப் பிடிக்காது. இவற்றை வைத்துச் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம்: ஸ்கோப்புக்கு நாள் குறிக்கும் முன் கால்ப்ரொடெக்டின் பார்த்து, ஏறியிருந்தால் முதலில் மருந்தைச் சரிசெய்வது.

மறுபரிசீலனை

சரி, ‘பல’ என்றால் எத்தனை என்று எழுத வேண்டும் என்பதில் ஒத்துப்போகிறோம்.

யாரும் தொடாத இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று ஆசனவாய். பல வருஷம் ஆறாத பவுத்திரம் உள்ள க்ரோன்ஸ்காரர்களுக்கு அந்தக் குழாய்க்குள்ளேயே புற்றுநோய் வரலாம். அரிதுதான், ஆனால் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும், ஏனென்றால் அறிகுறி எல்லாம் பழைய அறிகுறி போலவே இருக்கும். கவனிக்க வேண்டியது மாற்றம்தான்: இவ்வளவு நாள் இல்லாத வலி, சீழ் வடிந்த இடத்தில் ஜெல்லி போன்ற சளி, கல் மாதிரி இறுகிய தடிப்பு, ஆசனவாய் சுருங்குவது. எம்.ஆர்.ஐ. சுத்தமாகத் தெரிந்தாலும் விடக் கூடாது. மயக்கம் கொடுத்துப் பரிசோதித்து, குழாயின் உள்ளே சுரண்டித் திசு எடுக்க வேண்டும். மேலோட்டமாக எடுத்த ஒரு துண்டு பல நேரம் வெறும் அழற்சி என்றே வரும்.

இதே வகையில், குடலை வயிற்று வழியாகத் திருப்பிவிட்டு மலக்குடலைச் சும்மா விட்டு வைத்திருப்பவர்கள். ‘அதுதான் பயன்பாட்டில் இல்லையே’ என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த மலக்குடலும் கண்காணிப்பில் வர வேண்டும்.

இரண்டாவது சிறுகுடல். கேள்வியில் ‘சிறுகுடல் நோய் என்றுதானே சொல்கிறார்கள்’ என்று இருந்தது. சிறுகுடல் புற்றுநோய் பொதுமக்களிடம் மிக அரிது. க்ரோன்ஸில் பல மடங்கு கூடுகிறது, அப்படிக் கூடியும் எண்ணிக்கையில் குறைவுதான். கண்காணிக்கும் வழி எதுவும் நிலைபெறவில்லை. ஆனால் ஒரு குறிப்பு: வருஷக்கணக்கில் அமைதியாக இருந்த சிறுகுடல் சுருக்கம் திடீரென்று அடைத்து, ஸ்டீராய்டுக்கும் வழிவிடவில்லை என்றால் அதை ‘க்ரோன்ஸ் திரும்பிவிட்டது’ என்று எழுதி அடுத்த ஊசிக்குப் போகக் கூடாது.

மருந்து பற்றி ஒரு வரி. குடல் அழற்சிக்கான மெசலமைன் மருந்து புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லிப் பலர் விழுங்குகிறார்கள். அந்தச் சான்று பெருங்குடலை மட்டும் தாக்கும் இன்னொரு அழற்சி நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் வந்தது. க்ரோன்ஸில் அப்படி நிரூபணமில்லை. இங்கே பாதுகாப்பு என்பது எந்த மருந்தாலாவது உட்பரப்பு முழுக்க ஆறியிருப்பதுதான், அடலிமுமாப் அதைச் செய்கிறது என்றால் அதுவே போதும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோப்ரின் சேர்த்தால் தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா ஆபத்து கொஞ்சம் கூடும்; அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். பி.எஸ்.சி. உள்ளவர்கள் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்தைக் கிலோவுக்கு 28–30 மி.கி. என்ற உயர் அளவில் எடுக்கக் கூடாது. அந்த அளவில் பெருங்குடல் டிஸ்ப்ளேசியா கூடியது.

வரப்புக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஆக அடுத்த வருஷம் வரை காத்திருப்பதும் சரியில்லை, இந்த ஸ்கோப்பையே மறுபடி செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பது? ‘இணையத்தில் படித்தேன்’ என்றால் முகம் மாறிவிடும்.

ஸ்கோப்ரூம் அக்கா

படிச்சதைச் சொல்ல வேணாம், ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு கேள்வியாக் கேளுங்க. “ப்ரெப் (குடல் சுத்தம்) ஸ்கோர் எத்தனை சார்? சுருக்கத்துல பயாப்ஸி எடுத்தீங்களா? அப்பாவுக்கு 58 ல வந்தது ஃபைல்ல இருக்கா?” இந்த மூணு போதும். முதல் ரெண்டுக்குப் பதில் இல்லைன்னா அவரே மறுபடி பண்ணலாம்னு சொல்லிடுவாரு. அப்பா விஷயம் ஃபைல்ல இல்லாமப் போறது ரொம்ப சகஜம், ஏன்னா முதல் தடவை கேஸ் எழுதினப்போ அப்பாவுக்கு இன்னும் வந்திருக்காது.

நாள் வாங்கும்போது போன்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க: “க்ரோன்ஸ் கண்காணிப்பு, சாயம் தெளிக்கணும்”, “சுருக்கம் இருக்கு, மெல்லிய ஸ்கோப் வேணும்”. சாதாரண கொலோனோஸ்கோப்பின்னு எழுதிட்டா சின்ன நேரம்தான் ஒதுக்குவாங்க. சாயம் தெளிச்சு நிதானமாப் பார்க்க அது பத்தாது, அப்புறம் அவசரத்துல மறுபடி அதே ஆறு துண்டு, ஒரே பாட்டில்தான்.

பாரஃபின் கட்டை

பழைய ஸ்லைடு, கட்டை இரண்டையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். 9 வருஷத்துக்கு முன்பு எடுத்ததும் சேர்த்து. நோய் அதிகபட்சம் எதுவரை இருந்தது என்று அகநோக்கி கேட்டாரே, அதற்கான பதில் பெரும்பாலும் அந்த முதல் பயாப்ஸியில்தான் இருக்கும். லேப்கள் கட்டையைக் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை.